டர்போவுக்கு வழிவிடும் ஏசி

மாமா,

டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். தூங்குவது போல நீங்கள் நடித்ததால் எழுப்பவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பில் இருக்கிறது. காருக்கு டர்போ மாட்ட வரும் செழியன் அண்ணனுக்கும் சேர்த்து அரிசி களைந்து வைத்திருக்கிறேன், குக்கரை வைத்தால் போதும். கிரீஸ் கையோடு என் வெள்ளைத் துண்டைத் தொட்டால் தெரியும் சேதி.

"இஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் தள்ளுனா வண்டி பறக்கும் நாகு. ஏசியைக் கழட்டுனாத்தான் டர்போவுக்கு எடம்" என்று நேற்று சாதாரணமாகச் சொன்னீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது டெக்சாஸ் வெயிலுக்குப் பயந்து இல்லை.

இந்தப் பழைய சிவிக் காரில் முதலில் ஏசியே கிடையாது. கல்யாணமாகி நான் கோபியிலிருந்து வருகிறேன் என்று பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஜங்க்யார்டில் தேடி எடுத்து நீங்களே மாட்டினீர்கள். ஹூஸ்டன் ஏர்போர்ட்டிலிருந்து சுகர் லேண்ட் வரை ஃபுல்லாக வைத்துவிட்டு, "நல்லா இருக்குதுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டீர்கள். எனக்குப் பல் தந்தியடித்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையாட்டினேன். வெட்கம் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

சரி, கழற்றிக்கொள்ளுங்கள். ஜன்னலை இறக்கிவிட்டுப் போகலாம்.

நாகு

மறந்துவிட்டேன்: எலுமிச்சம்பழம் பிரிட்ஜில் இருக்கிறது. நான் வந்து டயருக்கு வைக்கும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.

இன்னொன்று. ஏசி சுவிட்சை மட்டும் பிடுங்காதீர்கள். காற்று வராவிட்டாலும் நான் போடுவேன். "நல்லா இருக்குதுங்களா?" என்று நீங்கள் கேட்க வேண்டும்.