நகர்ந்து கிடந்த கயிறு

1996 டிசம்பர் 28, சனி இரவு

பொழியூர் கடற்கரையில் இன்று ஃபுட்பால் இறுதி ஆட்டம். நான்தான் ரெஃபரி. மணலில் சுண்ணாம்புக் கோடு நிற்காது. முளையடித்து வலைக்கயிற்றைக் கட்டித்தான் பெனால்டி பாக்ஸ் போடுவார்கள். கடைசி நிமிடத்தில் பொழியூர் ஸ்டீபன் எதிரணிக்காரனைக் காலால் தட்டிவிட்டான். கயிற்றுக்கு உள்ளே என்று விசில் அடித்தேன். அந்தப் பெனால்டியில் பொழியூர் தோற்றது.

கயிற்றைச் சுருட்டும்போதுதான் பார்த்தேன். யார் காலோ இழுத்து, அது முளையிலிருந்து கழன்று இரண்டடி வெளியே தள்ளிக் கிடந்தது. முளை இருந்த இடத்தை வைத்துப் பார்த்தால், ஸ்டீபன் தட்டியது பாக்ஸுக்கு வெளியே. இடைவேளையில் கயிற்றைச் சரிபார்ப்பது என் வேலை. நான் சாயா குடித்துக்கொண்டிருந்தேன்.

தோற்ற கேப்டன்தான் ரெஃபரியை சைக்கிளில் பஸ்ஸுக்குக் கொண்டுவிட வேண்டும். அது அங்கே வழக்கம். இன்றைய கேப்டன் ஸ்டீபனின் அண்ணன். பஸ் வந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"சாரே, உள்ள தானே?"

"உள்ளதான்."

"அப்பம் சரி. அவன்கிட்ட ஒருத்தரும் பேசப்பிடாதுன்னு சொல்லிட்டாக்கும் வந்தேன்."

பாறசாலைக்கு வந்து பூட்டைத் திறந்தேன். இந்த வீட்டில் என்னோடு பேச யாரும் இல்லை. அது பழகிவிட்டது. ஸ்டீபனுக்கு இன்றுதான் முதல் நாள்.