கருவாட்டு லாரியில் வந்த ஜப்பான் வண்டி

அன்புள்ள அக்கா,

நேற்று மதியம் தீவன மில்லுக்குக் கருவாடு ஏற்றி வந்த லாரி ஒன்று நம் தெருவில் திரும்ப முடியாமல் வெகுநேரம் நின்றது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. மருமகள் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தாள். நான் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்கத்தை, இந்த நாத்தத்துல எப்படித்தான் உக்காந்திருக்கறீங்களோ" என்றாள். அவளிடம் என்ன சொல்வது? நீங்கள் எங்கள் வாழ்க்கைக்குள் வந்ததே இந்த நாற்றத்தோடுதானே.

அது எழுபதுகளின் கடைசி. நாமக்கல் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. திருச்சி ரோட்டில் என் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்திலிருந்து கோழித்தீவனத்துக்குக் கருவாடு ஏற்றி வந்த லாரி ஒன்று, பின்கதவு உடைந்துபோய்ப் பட்டறைக்குள் நுழைந்தது. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். பிறகு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து நாலு பேர் பிடித்து ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளை இறக்கினார்கள்.

"ஆரோட வண்டிங்க இது?" என்று என் வீட்டுக்காரர் டிரைவரைக் கேட்டார்.

"என்னோடது தம்பி" என்று நீங்கள் சொன்னீர்கள். பட்டறையில் அத்தனை சுத்தியலும் நின்றுவிட்டன. எங்கள் பக்கம் பெண்கள் சைக்கிள் ஓட்டினாலே ஊர் திரும்பிப் பார்க்கும் காலம் அது.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் நீங்கள். உங்கள் தாத்தா சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து போனவர். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி ஆட்களைப் பங்கு போட்டதில் உங்களுக்கு இந்தியா என்று எழுதிவிட்டார்கள். தோட்டத்திலிருந்து கிளம்பியவர்கள் பாத்திரமும் நகையும் தையல் மிஷினுமாகத் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போடும் வேலை பார்த்த நீங்கள், அங்கே கூலிக்காரர்கள் குடியிருந்த லயம் லயமாகப் போய்வர வைத்திருந்த வண்டியையும் கூடவே ஏற்றிவிட்டீர்கள். ஜப்பான் வண்டி, நடுவில் தாழ்வாக, சேலை கட்டியவர் ஏறி உட்காரத் தோதாக இருந்தது. ஊர் திரும்புகிறவர்கள் தாங்கள் ஓட்டிய வண்டியைக் கொண்டுவரலாம் என்று ஏதோ சலுகை இருந்திருக்கிறது. ராமேஸ்வரம் சுங்கத்தில் அதை நம்ப வைக்க நீங்கள் பட்ட பாட்டைப் பின்னாளில் சிரித்துச் சிரித்துச் சொல்வீர்கள். "பொம்பளைக்கு எதுக்கு இதுன்னு கேட்டாங்க தங்கச்சி. ஏறி ஒரு சுத்து சுத்திக் காட்டினேன். அப்புறம் யாரும் கேக்கல."

அன்றைக்கே சேந்தமங்கலம் போய்ப் பங்காளிகளைப் பார்த்தீர்கள். அவர்கள் வாசலிலேயே மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, "தம்பி, இந்தப் பக்கம் ஒரு ரூம் கிடைக்குமா?" என்றீர்கள். பட்டறைக்குப் பின்னால் மரச்சாமான் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். அழுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்களோ என்னிடம் துடைப்பம் கேட்டீர்கள்.

ஊரைச் சுற்றிக் கோழிப் பண்ணைகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு கொட்டகைக் கோழி மொத்தமும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். மனுஷருக்கு ஊசி போட்ட கை கோழிக்குப் போடாதா என்று நீங்களே பண்ணைகளில் போய்க் கேட்டு வேலை பிடித்தீர்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸுக்கு நின்று, இறங்கி, காட்டு வழியில் நடந்து சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகிவிடும். மருந்து கெட்டால் கோழி சாகும். அந்தப் பண்ணைக்காரர் அடுத்த முறை கூப்பிட மாட்டார். வண்டி ஓடினால்தான் உங்களுக்குச் சோறு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இங்கே பதிவு செய்து நம்பர் வாங்காமல் ரோட்டில் ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரர் தம் திருவிளையாடலைக் காட்டினார். ஏதோ காகித வேலையாக நீங்கள் சேலம் போய் உறவுக்காரப் பெண் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டீர்கள். கருவாட்டு உப்பு பட்டு வண்டியில் அங்கங்கே துரு ஏறியிருந்தது. நம்ம பட்டறைக்கு வந்த வண்டி இப்படியா நிற்பது என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. லாரிக்குச் செய்வதைப்போலவே செய்தார். தேய்க்கிற மிஷினைப் போட்டு வழவழவென்று தேய்த்து, பட்டி பூசி, மஞ்சளும் பச்சையுமாகப் பெயின்ட் அடித்து, முன்பக்கம் ஆஞ்சநேயர் துணை என்று எழுதி, பக்கவாட்டில் தோகை விரித்த மயிலையும் போட்டார். எங்கள் பட்டறை லாரிகள் எல்லாவற்றிலும் இருக்கும் அதே மயில்.

நீங்கள் திரும்பி வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தீர்கள். பிறகு, "தம்பி, இதுக்கு ஒரு தார்ப்பாயும் கட்டிவிட்டா லோடு ஏத்தலாம்" என்றீர்கள். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

மோட்டார் ஆபீஸுக்கு மூன்று பேருமாகப் போனோம். பிரேக் இன்ஸ்பெக்டர் வெளியூர்க்காரர். சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர் எடுத்தவர். காகிதத்தையும் என்ஜின் நம்பரையும் ஒத்துப் பார்த்தார். பிறகு வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும் நம்பரைத் தேடினார். குனிந்து தேடினார், துணி போட்டுத் துடைத்துத் தேடினார். நம்பர் இல்லை. லாரிச் சட்டத்தில் நம்பர் எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டக்கூடிய என் வீட்டுக்காரர், இந்தச் சின்ன வண்டியில் அது எங்கே என்று தெரியாமல், துருப்பிடித்த கீறல் என்று நினைத்துத் தேய்த்து எடுத்திருக்கிறார். அவர் முகம் வெளுத்தபோதுதான் எனக்கே விஷயம் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "வெளிநாட்டு வண்டி. நம்பரை அழிச்சிருக்கு. கடத்தல் வண்டின்னு சுங்கத்துக்கு எழுதினா எடுத்துட்டுப் போயிடுவாங்க. எந்தப் பட்டறையில இதைப் பண்ணாங்கன்னு சொல்லுங்கம்மா. அவங்க மேல கேஸ் எழுதிட்டு உங்க வண்டியை விட்டுடறேன்."

அந்த ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எங்கள் பட்டறையிலிருந்து ஒரு லாரியும் ரோட்டுக்குப் போக முடியாது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் உங்களுக்கு வண்டி. எங்களுக்குப் பட்டறைக் கதவில் பூட்டு. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நீங்கள் செருப்புக் காலால் அவர் காலை மிதித்தீர்கள்.

"கருவாட்டு லாரியில வந்ததுங்க சார். உப்பு பாதியத் தின்னுச்சு. மிச்சத்தத் தேய்ச்சது நான்தான்."

"பெயின்ட்?"

"அதுவும் நான்தான்."

இன்ஸ்பெக்டர் மயிலைப் பார்த்தார். அவர் கண் முன்னால் வாராவாரம் வந்து நிற்கும் மயில் அது. மேஜையிலிருந்து ஒரு பென்சிலையும் தாளையும் எடுத்து உங்களிடம் நீட்டினார். "ஒரு மயில் போடுங்க பாக்கலாம்."

நீங்கள் உட்கார்ந்து போட்டீர்கள், அக்கா. அவசரமே படாமல், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு போட்டீர்கள். அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கோழிம்மா."

"எங்க தோட்டத்துப் பக்கம் மயில் இப்பிடித்தான் சார் இருக்கும்" என்றீர்கள்.

சிரிக்கத் தெரியாதவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முதுகு குலுங்கியது. திரும்பி வந்தபோது முகம் பழையபடி ஆகிவிட்டது. உப்பரித்து நம்பர் மறைந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டார். ராமேஸ்வரத்திலிருந்து உறுதிப்படுத்திப் பதில் வரும்வரை வண்டி ஆபீஸிலேயே நிற்கட்டும் என்றார். அங்கிருந்து என்ன பதில் வரும் என்று யாருக்குத் தெரியும்? வண்டியைப் பறிகொடுத்தாலும் கொடுத்ததுதான். அதைத் தெரிந்துகொண்டேதான் தலையாட்டினீர்கள்.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் நடுரோட்டில் நின்றுவிட்டார். "அக்கா, நான் போயி உண்மையச் சொல்லிப்புடறனுங்க. என்ற தப்புக்கு நீங்க எதுக்கு வண்டிய உடோணும்?"

"பட்டறையில எத்தன பேர் சாப்பிடுறாங்க? எனக்கு நான் ஒருத்திதானே தம்பி. ஆசையா செஞ்சதுக்கு யாராவது ஜெயிலுக்குப் போவாங்களா? வாங்க, வெயில் ஏறுது" என்றீர்கள். வந்து சில மாதம்கூட ஆகாதவர், சொந்த ரத்தமே வாசலோடு அனுப்பிவிட்ட ஒருவர், எங்களுக்காக இதைச் செய்தாரே என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அத்தனை பெரிய மனசை நான் அதற்குமுன் கிட்டத்தில் பார்த்ததில்லை.

ஐப்பசி மழை முழுவதும் வண்டி ஆபீஸ் வேப்பமரத்தடியில் நனைந்தது. அந்த நாட்களில் நீங்கள் வேலைக்குப் போன அழகு ஊருக்கே வேடிக்கை. புதுசாகப் பாடி கட்டிய லாரியை ஓட்டிப் பார்க்கிற சாக்கில் என் வீட்டுக்காரர் உங்களைப் பண்ணை பண்ணையாக இறக்கிவிட்டார். பத்து டன் லோடு ஏற்றக் கட்டிய லாரியில் லோடு என்று பார்த்தால் ஒரு பிளாஸ்க்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு நாள்கூட அவரிடம் வண்டிப் பேச்சை எடுக்கவில்லை. அவர்தான் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் ரோட்டையே பார்த்து ஓட்டுவாராம்.

பதில் நல்லபடியாக வந்தது. நம்பரை மறுபடி அடிக்கச் சொன்ன இன்ஸ்பெக்டர், "ஏம்ப்பா, உளியும் சுத்தியலும் பிடிச்ச கைதானே, நீயே அடி" என்று என் வீட்டுக்காரரிடமே எண் அச்சுகளைக் கொடுத்தார். ஒவ்வொரு எண்ணாக அடித்தார், அக்கா. வியர்த்து ஊற்றியது. ஆயிரம் ஆணி அடித்தவர் ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் காகிதத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார். வண்டியை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது நீங்கள்தான்.

அதற்குப் பிறகு எத்தனை வருடம் அந்த மயில் வண்டி மோகனூர் ரோட்டிலும் பரமத்தி ரோட்டிலும் பறந்தது. பிளாஸ்கைப் பின்னால் கட்டி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போவீர்கள். எதிரே வரும் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால் நீங்களும் அடிப்பீர்கள். "சிலோன்கார அம்மா வாராங்க" என்றால் பண்ணையில் கூடையும் ஆளும் தயாராக நிற்கும். நோய் வந்த கொட்டகைக்குப் போய்விட்டு நோய் வராத கொட்டகைக்குள் அதே சேலையோடு கால் வைக்க மாட்டீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் குளித்து மாற்றிக்கொண்டுதான் போவீர்கள். அந்தக் கண்டிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நீங்கள் கண்ணை மூடிய அன்று நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த மடலே.

குளிப்பாட்டி முடித்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். "பொறந்த ஊட்டுக் கோடிச் சேலை போடோணும். கூடப் பொறந்தவங்க ஆருங்க இருக்கறீங்க?" சேந்தமங்கலத்திலிருந்து பேருக்கு வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து வந்தார். முழங்கால் வலியோடு, யாரையும் பிடிக்காமல் வந்தார். கையில் சிவப்புச் சேலை. எப்போது போய் வாங்கினார் என்று எனக்கே தெரியாது.

"எங்க அக்காளுக்கு நான் போடறனுங்க" என்றார்.

"நீங்க என்ன முறைங்க?" என்று யாரோ கேட்டார்கள். அவர் சேலையைப் பிரித்து, உங்களுக்குக் குளிரக்கூடாது என்பதுபோலக் கழுத்துவரை போர்த்திவிட்டார்.

நாத்தனார் இல்லாத வீடு, பெண்ணுக்குத் தொந்தரவு இருக்காது என்று பார்த்துத்தான் என் அப்பா என்னை இங்கே கொடுத்தார். இப்போது யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால் என் நாத்தனார் என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் தலை தானாக நிமிர்ந்துகொள்கிறது, அக்கா.