பந்தர் என்றால் துறைமுகம்

தர்மபுரி, 12-1-1984

தங்கையைப் பெண் பார்க்க இன்று பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். வீட்டில் உருது பேசுகிறவர்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் எங்கள் பூர்வீகத்தைக் கேட்டார்.

"பரங்கிப்பேட்டை."

"பரங்கிப்புண்ணுன்னு ஒரு நோவு இருக்குதுங்களே?"

ஊருக்குப் பெயர் கடல் தாண்டி வந்த பரங்கியரால் வந்தது, புண்ணால் அல்ல என்றேன். முகம் தெளியவில்லை. எங்கள் ஊருக்கு மஹ்மூது பந்தர் என்றும் பெயருண்டு என்று கௌரவமாகச் சொன்னேன். மாப்பிள்ளையின் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உருதுவில் பந்தர் குரங்காம். துறைமுகம் என்று நான் வாதாடியது எடுபடவில்லை.

"பொண்ணு புடிச்சிருக்குதுங்க," என்றார் தகப்பனார். " பத்திரிகைல மட்டும் தர்மபுரின்னே போட்டுருங்க."

தங்கைக்குச் சம்மதம். தலையாட்டிவிட்டேன்.

கப்பலில் வந்தவர்களெல்லாம் எங்கள் ஊருக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டினார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றியவர் பஸ்ஸில் வந்தவர்.