ரொட்டித் துணியில் எழுதியது

ஜூன் 3, செவ்வாய்

இன்று சர்ச்சின் பழைய சாமான் கடையில் எனக்கு முறை. ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன், உள்ளே பூவேலைப் படத் தாள்கள்! அந்தக் காலத்தில் துணிமேல் கவிழ்த்து இஸ்திரி போட்டு எடுப்பார்களே, அந்த நீல மசித் தாள்கள். இருபத்தாறு. எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினேன். மஞ்சள் வாட்டில் பூங்கொத்து, குடை பிடித்த பாவாடைக்காரி, சமையல் தொப்பி போட்ட கூக்கபராப் பறவை. தலையணை உறைகளுக்கு ஒரு ஜோடி நீலக் குருவிகள், ஒன்றை ஒன்று பார்த்தபடி. ஒற்றை ஆளுக்கு ஜோடி உறை எதற்கு? மற்றதையெல்லாம் நானே வாங்கிக்கொண்டு, குருவித் தாளை மட்டும் விற்பனைத் தட்டில் போட்டேன். சிநேகிதி நோலீன் கல்லாவில் இருந்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கட்டும்.

ஜூன் 5

எண்பது வருஷத்து மசி. ஒருமுறை இஸ்திரி பட்டால் தாளின் கதை முடிந்துவிடும். அதனால் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை வைத்து, நோலீன் கொடுத்த பேனாவால் வரைகிறேன். தைத்து முடித்து இஸ்திரி போட்டால் கோடு இருந்த இடமே தெரிவதில்லை. மந்திரம்!

தங்கைக்குத் தேநீர்க் கெண்டி உறை முடிந்தது. என் சோபாவுக்கு வாட்டில் பூ மெத்தை பாதி. விரல் நுனியெல்லாம் பொத்தல். விறகடுப்பில் வைத்த சூப் தீய்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. இவ்வளவு சந்தோஷம் இந்த வயதில் உடம்புக்கு ஆகுமா?

ஜூன் 8, ஞாயிறு

கூக்கபரா யாருக்கு என்று நோலீன் கேட்டாள். மெர்வினின் பிறந்தநாளுக்கு, ரொட்டி சுற்ற ஒரு துணி என்றேன். மெர்வின் குதிரைச் சேணம் தைப்பவர். மனைவி இறந்து ஆறு வருஷம். ஞாயிறுதோறும் ரொட்டி சுட்டு, ஒன்றை என் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விடுவார். இரண்டு வருஷமாக இதே கதைதான்.

"ரொட்டிக்குத் துணி குடுக்கிற மூஞ்சியாடி இது? கண்ணாடியில பாரு" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். அந்த வேகத்தில் நான் பேனாவை எடுத்து, கூக்கபராவுக்குக் கீழே பெரிதாக எழுதினேன்: மெர்வின் கேட்டால் அன்றைக்கே சரி சொல்வேன்.

நோலீன் விழுந்து விழுந்து சிரித்தாள். இஸ்திரி போட்டேன். போயே போச்சு. ஆனால் எழுதிய பிறகுதான் தெரிகிறது, அது விளையாட்டு இல்லை. ஆமாம், எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. இங்கே எழுதினால் இஸ்திரிக்குப் போகாது. இருக்கட்டும்.

ஜூன் 14, சனி

கொடுத்தேன்! வாங்கியதும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். தையல்காரப் புத்தி. முடிச்சு ஒன்றுகூடத் தெரியவில்லை என்றார். பிறகுதான் கூக்கபராவைப் பார்த்தார், காது சிவந்தது. திரும்பி வரும்போது, ஜூன் மாதக் குளிருக்குப் பனி உறைந்த புல்லில் ஒரு சுற்றுச் சுற்றினேன். பார்த்தது செம்மறி ஆடுகள் மட்டும்தான்.

ஜூன் 15

இன்றும் வாசலில் ரொட்டி. இன்றும் தட்டவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஐயோ.

நோலீன் அதே பேனாவால் வரைந்து பூவேலை செய்த தன் கம்பளிச் சால்வையை, பூச்சி சாகட்டும் என்று இரண்டு நாள் ஃப்ரீசரில் போட்டாளாம். எடுத்துப் பார்த்தால் அழிந்த பேனாக் கோடெல்லாம் பளிச்சென்று திரும்பி நிற்கிறதாம். உறைகிற குளிர் பட்டால் அந்த மசி திரும்பி வருமாம். நானும் சேர்ந்து சிரித்தேன். பாதிச் சிரிப்பில் வாய் அப்படியே நின்றுவிட்டது.

மெர்வின் வாரத்துக்கு நாலு ரொட்டி சுடுவார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. மிச்சம் ரெண்டும்? ஃப்ரீசர்லதானே வைப்பாரு! அந்தத் துணியில சுத்தி!

இந்த ஊரில் மொத்தம் ஒரே ஒரு கடைத்தெரு. நான் எங்கே போய் ஒளிவது? ஊரைக்கூட விடு. அவர் ரொட்டி வைப்பதை நிறுத்திவிட்டால்?

ஜூன் 18

போனேன். வேறு வழி? பட்டறையில் இருந்தார். துணியில் ஒரு நூல் பிரிந்திருக்கும், சரிசெய்து தருகிறேன் என்றேன். அது வேலையில் இருக்கிறது என்றார். என்ன வேலையோ. கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி, துணி துவைக்கும் அறைக்குள் நுழைந்து, ஃப்ரீசர் பெட்டிக்குள் தலையை விட்டேன். ஆட்டுக்கறி, பட்டாணி, பிளாஸ்டிக் பையில் ரெண்டு ரொட்டி. துணி இல்லை. அடிவரை கிளறினேன்.

பின்னால் குரல்: "பட்டாணி வேணுமா, கிளெனிஸ்?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

ஜூன் 19

பட்டாணி சூப்.

ஜூன் 20

மறுபடியும் பட்டாணி சூப். பெரிய பை கொடுத்திருக்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

நின்றபடியே எழுதுகிறேன்.

காலையில் கதவைத் தட்டினார். தட்டினார்! கையில் ரொட்டி, என் துணியில் சுற்றி. பிரித்தேன். கூக்கபராவுக்குக் கீழே என் வரி, என் கையெழுத்தின் சுழி முதல் கோணல் வரை அப்படியே, சேணம் தைக்கிற தடித்த பழுப்பு மெழுகு நூலில். இரட்டை ஊசித் தையல். எனக்கும் பழக்கதோஷம், பின்பக்கம் திருப்பினேன். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது.

போன திங்கட்கிழமை ஃப்ரீசரிலிருந்து ரொட்டி எடுக்கும்போது என் வரியைப் பார்த்தாராம். அடுப்புப் பக்கம் வைத்ததும் எழுத்து மங்கிவிட்டதாம். பயந்துபோய் மறுபடி ஃப்ரீசரில் போட்டு, எழுத்து திரும்பி வந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாராம். நான் பட்டாணி வாங்கிய அன்று அது பட்டறையில், தைக்கும்போது தோலை இறுக்கிப் பிடிக்கும் மரக் கிட்டிக்குள் இருந்திருக்கிறது.

"மறுபடி அழிஞ்சிடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் தைச்சிட்டேன்" என்றார், தன் பூட்ஸைப் பார்த்தபடி.

என் வரிக்குக் கீழே இன்னும் ஒரே ஒரு சொல், அவருடைய கையெழுத்தில், அதே நூலில்: கேட்கிறேன்.

எழுதியிருந்தபடி அன்றைக்கே சொன்னேன். காப்பி ஆறுவதற்குள் சொன்னேன்.

ஜூலை 1, செவ்வாய்

கடையில் முறை. குருவித் தாளை யாராவது வாங்கிவிட்டார்களா என்று, சும்மா கேட்பதுபோல நோலீனிடம் கேட்டேன். கல்லாவுக்குக் கீழிருந்து எடுத்து நீட்டினாள்.

"நீ தட்டுல போட்ட அன்னைக்கே எடுத்து வச்சிட்டேன்டி."

மத்தியானம் ஜன்னலில் ஒட்டி வரைந்தேன். இரண்டு உறை. இந்தத் தடவை பென்சிலால்.