கூழ் ஊற்றிய வீடு

ஆடித் திங்கள் 30. விடுதலை நாள், இரவு.

புதுச்சத்திரத்தை அடுத்த சிற்றூரில் இன்று சிலை திறப்பு. வெள்ளையரை எதிர்த்துத் தலைமறைவான பண்ணைக்காரர் ஒருவருடைய சிலை. அவரை ஒளித்துவைத்துக் கூழ் ஊற்றிக் காத்தது சேரியில் ஒரு வீடு. அவ்வீட்டு மாரிமுத்து சென்ற கிழமை என்னிடம் சொன்ன செய்தி அது. "ஒரே சட்டியில் உண்டார்!" என்று மேடையில் முழங்கினேன். கைத்தட்டல் எழவில்லை.

கூட்டம் முடிந்ததும் பண்ணைக்காரரின் பேரன் என் கையைப் பற்றினார்.

"அருமையாப் பேசுனீங்க. எங்க தாத்தாவுக்குக் கூழ் ஊத்துன ஊடு எதுங்க? ஒரு பொன்னாடை போர்த்தோணும்."

மகிழ்ந்துபோய், வேம்பை ஒட்டிய ஓட்டு வீட்டைக் கைநீட்டிக் காட்டினேன்.

"அந்தச் சட்டியும் அங்கயேதான் இருக்குதுங்களா?" என்றான் உடன் வந்தவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் வீடு திரும்பியதும் மாரிமுத்து கைப்பேசியில் அழைத்தார்.

"ஏனுங்கய்யா, இன்னும் அவங்க காட்டுலதானுங்க கூலிக்குப் போறோம். இதப் போயி மேடையில சொல்லலாமுங்களா? ஊட்டு முன்னால ரெண்டு காரு நிக்குதுங்க. யாரும் எறங்கல. வெளக்க மட்டும் ஊட்டு மேல அடிச்சுட்டு இருக்கறாங்க."

கதவைத் தாழிடச் சொன்னேன்.

"தாழ்ப்பாள் இருந்தாத்தானுங்களே!" என்றார்.

அதன்பின் அவர் எடுக்கவில்லை. காவல் நிலையத்தை அழைத்தேன்; பேரனின் பெயரைச் சொன்னதுமே, "தங்கமான மனுசருங்க அவரு. நீங்க நிம்மதியாத் தூங்குங்க" என்றார்கள்.

வாடகை வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே போய் நின்று என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. வாயிலில் வண்டியின் ஒலி கேட்கிறது.