நாடு முழுக்கப் பனிப்புயல்

மகனே,

போனில் நீ முழுதாகக் கேட்பதில்லை. அதனால் நான் சொல்ல, பக்கத்து வீட்டு சிக்ரிட் எழுதுகிறாள். மலை தாண்டிப் போகும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன சனிக்கிழமை மலையில் பனி என்று வானிலை அறிக்கை கேட்டு ஓஸ்லோவிலேயே உட்கார்ந்துவிட்டாய். பனி வாரும் வண்டி முன்னே போக, கார்கள் வரிசையாகப் பின்னால் வரவில்லையா? மீன் லாரிக்காரன்கூட வந்தான். நீ பிறந்த குளிர்காலத்தில் மருத்துவச்சியைக் கூட்டிவர அதே மலையைப் பனிச்சறுக்குக் கட்டையில் தாண்டினேன். எந்த அறிக்கையையும் நான் கேட்கவில்லை.

உன் அம்மா இப்போது கஞ்சியும் குடிப்பதில்லை. கண் தெரியவில்லை. வாசலில் கார் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் திருப்புகிறாள்.

"நாடு முழுக்கப் பனிப்புயல், ரோட்டையெல்லாம் மூடிட்டாங்க" என்று அந்தச் சனிக்கிழமை அவளிடம் சொல்லிவைத்தேன். வெளியே வெதுவெதுப்பாக மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"கூரையில தண்ணி சொட்டுதே, இது என்ன புயல்?"

"சும்மா படு, கிழவி. உனக்குக் காது மந்தம்."

"என் காது நல்லாத்தான் இருக்கு. உனக்குத்தான் பொய் சொல்ல வரலை. புள்ளைய திட்டாத, ரோடு வழுக்கும்."

இந்த வாரக் கடைசியில் வடக்கே மட்டும் பனியாம். இங்கே மழை, தெற்கிலும் கிழக்கிலும் வெயில், மலைப்பாதை திறந்தே இருக்குமாம். அம்மாவும் ரேடியோவில் கேட்டுவிட்டாள். சனிக்கிழமை காலையில் தலைவாரிவிட சிக்ரிட்டை வரச் சொல்லியிருக்கிறாள்.

இனி உனக்காகச் சொல்ல என்னிடம் பனியும் இல்லை, புயலும் இல்லை.

உன் அப்பா