அப்பா அடைத்து வைத்த காற்று

என் கண்ணு இலேனியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் மாடுகளும் இங்கே சுகம். ஆப்பிள் கிடங்கில் நாள் முழுக்க நிற்கிற உனக்குக் கால்வலி தணிந்திருக்கும், நியூசிலாந்துக் குளிர் உன்னை அதிகம் படுத்தியிருக்காது என்று மாதாவை நம்பி எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ ஒன்பது சொல்கிறாய், கடைசியில் இரண்டு பேரும் அழுது வைக்கிறோம், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இதில் நீ குறுக்கே பேச முடியாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொண்டு முழுசாகப் படி.

ஈஸ்டருக்குப் பேசியபோது நீ சொன்னது எல்லாம் என் நல்லதுக்குத்தான், அது எனக்குத் தெரியும். மேய்ச்சல் மலையை விட்டுவிடு, சீஸ் காய்ச்சினது போதும், அப்பாவுடைய மின்சார சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார் என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உண்மையில் எனக்கே தெரியவில்லை. போன செப்டம்பரில் மலைமேல் குடிசையில் அந்தக் கட்டிலில் விடிகாலை அப்பாவைத் தட்டி எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அறையில் தனியாகப் படுக்க என்னால் ஆகாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் மாடு கறக்காமல் ஒரு கோடைகாலம் வீட்டில் உட்காரவும் என்னால் ஆகாது. அதனால் விடியலில் ஏறி, சாயங்காலக் கறவையை முடித்துவிட்டு இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஜீப் போகிற பாதையோ போன அக்டோபர் மழையில் சரிந்து கிடக்கிறது, சரிந்த இடத்தில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குத்தான் வழி. நடந்து ஏறினால் என் முட்டிக்கு வாரம் தாங்காது. அப்போதுதான் கொட்டகையில் நிற்கிற சைக்கிள் ஞாபகம் வந்தது. மற்றவர்களுடைய மின்சார சைக்கிள் கன்றுக்குட்டி கனம் இருக்கும், அப்பாவுடையது லேசு. சரிவு வந்தால் இறங்கித் தோளில் போட்டுக்கொண்டு தாண்டலாம்.

மேய்ச்சல் சங்கத் தலைவர் ஃபெருச்சோவிடம் போய் இந்த வருஷமும் ஊர் மாடுகளை நானே பார்க்கிறேன் என்றேன். அவர் காப்பியை வைத்துவிட்டு என் முட்டியைப் பார்த்தார். "ஏம்மா ஒத்தீலியா, இந்த வயசுல மலை சைக்கிளா, அடுத்தது என்ன, ஒலிம்பிக்கா?" என்றார். காப்பிக் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், "பதக்கம் வாங்கினா உன் பசு கழுத்துலதான் மாட்டுவேன், மணியோட சேர்ந்து ஆடட்டும்" என்றேன். அப்புறம் அவர் சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார், "விளையாட்டு இல்லம்மா. மடியில பால் கட்டிக்கிட்டு மாடு நிக்கும்போது நீ பாதி வழியில விழுந்து கிடந்தா நான் என்ன பண்றது? ஜூன் கடைசி வரைக்கும் ஏறி எறங்கிக் காட்டு. முடியலைன்னா பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆளுங்க கேக்குறாங்க, குடுத்துடுவேன். கோவிச்சுக்காத." கோபிக்கவில்லை. மாடு அவர்களுடையதுதானே.

சைக்கிளைப் பழுது பார்க்கிற லோரிஸ் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். உனக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்தானே, காதில் வளையம் போட்டவன், இப்போது தலையில் முடி இல்லை, வளையம் மட்டும் இருக்கிறது. எல்லாவற்றையும் புதுசாக, பலமாகப் போடு என்றேன். அவன் கையை விரித்துவிட்டான். "அக்கா, நீங்க சொல்றதெல்லாம் போட்டா இது டிராக்டர் ஆயிடும். அப்புறம் சரிவுல நீங்க இத தூக்க மாட்டீங்க, இதுதான் உங்கள தூக்கணும்" என்றான். லேசான சைக்கிளில் இதுதான் சங்கடமாம். ஒரு பக்கம் பலம் சேர்த்தால் தோளுக்குக் கனம் சேரும், எங்கே சேர்க்கலாம், எங்கே கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டுமாம். பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது என்று பெரிய தட்டுகளாக மாற்றினான், இப்போது ஒரு விரலால் தொட்டால் நிற்கிறது. இந்தச் சின்ன மோட்டார் தானாக இழுக்காது, நாம் மிதித்தால்தான் கூட வரும், அதனால் முட்டிக்கு நோகாமல் மிதிக்கிற மாதிரி முன்பக்கப் பல்சக்கரத்தைச் சின்னதாக்கி, பெடல் தண்டையும் குட்டையாக்கினான். பின்னால் மட்டும் தடித்த டயர். அப்புறம் ஒரு விசையை அழுத்தினால் சீட் கீழே இறங்குகிறது, பயந்த இடத்தில் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். குலுக்கலைத் தாங்குகிற, ஸ்பிரிங் வைத்த கனமான ஷாக் ஒன்றைக் காட்டி இது எப்படி என்று நான் கேட்டபோது வேண்டவே வேண்டாம் என்று பிடுங்கி உள்ளே வைத்துவிட்டான்.

இனி சொல்லப் போவதைப் படித்துவிட்டு அழாதே. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கிலும் பின்னால் இருக்கிற ஷாக்கிலும் காற்றுதான் இருக்கிறது, கல்லில் இடிக்கும்போது அந்தக் காற்றுதான் நம்மைத் தாங்குகிறது. ஏறி உட்காருகிறவர் கனத்துக்குத் தகுந்த மாதிரி அடைக்க வேண்டும். உள்ளே இருந்தது அப்பா கனத்துக்கு அப்பாவே குட்டி பம்பை வைத்து அடைத்த காற்று, நீ வாங்கி அனுப்பினாயே அந்தப் பம்பு. நான் உட்கார்ந்தால் மரக்கட்டை மாதிரி அசையவே இல்லை. "மொதல்ல இத எறக்கணும்" என்று லோரிஸ் மூடியைத் திருகினான், நான் என் கையை அதன்மேல் வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன் என்று தெரியாது. அவருடைய சட்டையைத் துவைத்துவிட்டேன், செருப்பைக் கொடுத்துவிட்டேன், இந்தக் காற்றிடம் வந்து நின்றுவிட்டேன். லோரிஸ் தன் கையை எடுத்துக்கொண்டான். "வேணாம்னா விடுங்கக்கா. வேற ஃபோர்க் போட்டுத் தரேன், இது இப்படியே சுவத்துல தொங்கட்டும்" என்றான். அப்புறம் மெதுவாக, அப்பா பேரைச் சொல்லி, "ஆனா லிவியோ அண்ணன் இருந்திருந்தாலும் வருஷா வருஷம் எறக்கி எண்ணெய் மாத்தி திரும்ப அடைக்கிறதுதான். வச்சிருக்கறதுக்குன்னு அடைச்ச காத்து இல்லக்கா அது, ஓட்டறதுக்கு அடைச்சது" என்றான். நான் கையை எடுத்தேன். மூடிக்குள் இருந்த ஊசியை அவனை அழுத்தச் சொல்லவில்லை, நானே அழுத்தினேன். ஸ்ஸ் என்றது, கொஞ்சம் எண்ணெய் வாசனை வந்தது, அவ்வளவுதான் இலேனியா. நான் நினைத்த அளவுக்குப் பெரிசாக இல்லை. வெளியே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன், லோரிஸுடைய நாய் வந்து காலடியில் படுத்துக்கொண்டது.

அதற்கப்புறம் நான் பண்ணின கூத்தைக் கேள். என் கனத்துக்கு அடைக்க வேண்டும், ஏறி உட்காருங்கள் என்றான். கனம் பார்க்கிறான் என்றதும் நான் டாக்டர் வீட்டில் செய்கிற மாதிரி கோட்டைக் கழற்றினேன், பூட்ஸைக் கழற்றினேன், பையில் இருந்த சாவிக்கொத்தைக்கூட எடுத்து மேசைமேல் வைத்தேன். எந்தப் பெண்பிள்ளைதான் கனத்தைக் கூட்டிக் காட்டுவாள். ஃபோர்க் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, நாம் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கியது என்று அது காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து அடைத்தான், பஞ்சு மாதிரி இருந்தது. மறுநாள் முதுகில் மூட்டையோடு மலை ஏறினேன். ஊசியிலைக் காட்டுக்குள் நுழைந்ததும் சைக்கிள் சேற்றில் உட்கார்ந்த எருமை மாதிரி அமுங்கிக்கொண்டே போகிறது, பெடல் ஒவ்வொரு கல்லிலும் டக் டக் என்று இடிக்கிறது. கடைசியில் ஒரு கல் தட்டி அவுரிநெல்லிப் புதருக்குள் தூக்கிப் போட்டுவிட்டது. அடி ஒன்றும் இல்லை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும். ஆனால் புதருக்குள் கிடந்தபோது ஃபெருச்சோ சொன்னது சரிதான், இதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கு மிச்ச வழியைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் கறந்தேன்.

கோபமாகக் கடைக்குப் போனேன். லோரிஸ் சைக்கிளைப் பார்க்கவில்லை, என் முதுகைப் பார்த்தான். "இது என்னக்கா?" என்றான். "மூட்டை." "அன்னைக்கு இது இல்லையே." "அன்னைக்கு எதுக்கு?" என்றேன். இறக்கி வைக்கச் சொல்லிப் பிரித்தான். மாட்டுக்கு உப்புக்கட்டி, பாலைத் திரைய வைக்கிற மருந்து, ரொட்டி, மழைக்கோட்டு, ஒரு சங்கிலி, பிளம் ஜாம் பாட்டில். உப்புக்கட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தான். "அக்கா, உங்கள நான் அழகுப் போட்டிக்கா எடை பாத்தேன்? மலைக்கு என்னென்ன போகுதோ எல்லாம் இதுமேல ஏறணும். போடுங்க பூட்ஸ, மாட்டுங்க மூட்டைய, ஜாமையும் வைங்க" என்றான். திரும்ப அடைத்தான். மேலே கறந்த பாலைக் குடித்துக் கனம் கூடினால் என்ன செய்வது என்று கேட்டேன், அதற்கும் சிரித்தான்.

இப்போது நன்றாக ஓடுகிறது கண்ணு. கல் வந்தால் தெரிகிறது, ஆனால் இடுப்புக்கு வருவதில்லை. சரிவில் தூக்கித் தாண்டுகிறேன், முதலில் இருந்த நடுக்கம் இல்லை. அப்படியே தினம் போய் வந்துகொண்டிருந்தேன். போன வாரம் சாயங்காலக் கறவை முடிகிற நேரத்தில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. சரிவில் தண்ணீர் போகிற சத்தம் இங்கேயே கேட்டது. இறங்கியிருக்கலாம், அவ்வளவு தைரியம் வந்துவிட்டது. ஆனால் இளம் பசுக்கள் மிரண்டு நின்றன, விட்டுவிட்டுப் போக மனசில்லை. சைக்கிளை வைக்கோல் பக்கம் சாய்த்துவிட்டு, சோளமாவில் போலெந்தா கிண்டி மிச்சப் பாலை ஊற்றிச் சாப்பிட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன், அது இழுக்க இழுக்கக் கத்தியது. படுத்தேன். அழுதேன்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தூங்கிவிட்டேன். காலையில் மாடு கூப்பிட்டுத்தான் எழுந்தேன், அப்பா போனதற்கப்புறம் அப்படித் தூங்கினது அதுதான் முதல் தடவை. ஓடிப்போக வழி நன்றாக இருந்ததால்தான் தங்க முடிந்ததோ என்னவோ, உன்னை மாதிரி படித்தவள் சொல்ல வேண்டும்.

மறுநாள் ஃபெருச்சோ நடந்தே ஏறி வந்தார், மூச்சு வாங்கியது. ராத்திரி நான் வீடு வராததைப் பார்த்துவிட்டு எங்கேயோ விழுந்து கிடக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் தாமிரக் கொப்பரையில் பால் கிளறிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று பார்த்தார். "வேற ஆளுங்க கிட்ட இல்லைன்னு சொல்லிடுறேன்" என்றார். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நீ வேளைக்குச் சாப்பிடு, கையுறை கிழிந்தால் உடனே மாற்று, குளிர்கிடங்கு ஈரம் விரலில் இறங்கினால் லேசில் போகாது. போனில் ஒரு தடவை வாய்தவறிச் சொன்னாயே, அந்தப் பையன் நல்லவன் என்றால் மறைக்காதே. என்னை நினைத்துப் பயப்படாதே, ஞாயிறு பூசைக்கும் அப்பா கல்லறைக்குப் பூ வைக்கவும் சைக்கிளில் இறங்கிப் போய் வருகிறேன், மற்ற நாள் ராத்திரியும் இங்கே மலைமேல்தான். மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கையில் எடுக்கிற வேலை எல்லாம் துலங்கட்டும். ஒன்றே ஒன்று மறக்காதே, வீட்டுக்குக் கடிதம் போட்டால் பெட்டியில் கிடந்து நனையும். மாடு இறங்குகிற வரைக்கும் உறைமேல் மேய்ச்சல் மலை, ஒத்தீலியா என்று மட்டும் எழுது, எனக்கு வந்துவிடும்.

மலைமேலிருந்து, உன் அம்மா
ஒத்தீலியா